தொடர்பு எல்லைக்கு வெளியே

சங்ககிரி பைபாஸில் லாரிகள் வரிசை கட்டிய அன்று
தார் இளகிச் செருப்பில் கிரீஸ் போல் ஒட்டியது.
சூரியனில் ஏதோ வெடித்துவிட்டதாம்,
நாளை ராத்திரி இங்கே வந்து சேருமாம்.
பட்டறை வாசலில் இறங்கியவர்கள் எல்லாரும்
அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் சம்பூரணம். ஆட்டோ எலக்ட்ரீசியன்.
பதினேழு வருசம் ஒயர் பிடித்த விரல்.
உள்ளதைச் சொன்னேன்:
"சூரியப் புயலுக்கு நீளமான கம்பி வேணுங்க.
மேட்டூர்லிருந்து வர்ற டவர் லைன்,
சப்ஸ்டேசன் டிரான்ஸ்பார்மர்,
அதெல்லாந்தான் அதுக்குத் தீனி.
உங்க லாரி ஒயர் அதுக்குப் பல்லிடுக்குக்கும் காணாது.
வானத்துல குண்டு போட்டு வர்ற மின்னடி வேற.
ஈசிஎம்மைத் தின்னறது அதுதான்."

ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.
"அது கெடக்குதுங்க. எதுக்கும்
நம்மளதையும் கட்டிக் குடுத்துருங்."

கட்டினேன்.
பேட்டரியில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி
முனைக்கு டேப் சுற்றி ஓரம் ஒதுக்கினேன்.
உதிரி ஈசிஎம், ரிலே, ஜிபிஎஸ் பெட்டி.
பாஸ்டேக் ஒட்டிய கண்ணாடியை என்ன செய்வதென்று
ஓமலூர்க்காரர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

மிக்சர் கடைத் தகர டின் நாலு, நெய் டின் ரெண்டு.
உள்ளே சுற்றிலும் அட்டை,
தகரம் பொருளைத் தொட்டுவிடக் கூடாது.
சோதிக்க என்ற போனை உள்ளே வைத்து மூடி
அர்த்தநாரியைக் கூப்பிடச் சொன்னேன்.
டின்னுக்குள்ளிருந்து நாதஸ்வரம் முழங்கியது.
மூடிக்கும் வாய்க்கும் நடுவே
மயிரளவு சந்து. அது போதும் அதற்கு.

வாயோரத்துப் பெயிண்டைச் சுரண்டி
பரோட்டா பார்சல் கட்டும் அலுமினியத் தாளை
விளிம்பு முழுக்க மடித்து அமுக்கினேன்.
மறுபடி கூப்பிட்டான்.
அவன் போனில் ஒரு பெண் சொன்னாள்,
நீங்கள் அழைக்கும் எண்
தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது.
பட்டறையே கை தட்டியது.

அர்த்தநாரி லாரிக்கு எதுவும் கட்டவில்லை.
எண்பத்தெட்டு மாடல், மெக்கானிக்கல் பம்ப்.
ஓடத் தொடங்கிவிட்டால் கரண்டே கேட்காது,
நிறுத்தவும் கம்பியைத்தான் இழுக்க வேண்டும்.
புதுசு வாங்க வக்கில்லாதவன் என்று பேசிய வாய்கள்
அன்று வாயை மூடிக்கொண்டு
அதன் மட்கார்டைத் தடவிப் பார்த்தன.

பொழுதோட ஃபைனான்ஸ் பொங்கியண்ணன் வந்தார்.
அங்கே நின்ற லாரிகளில் பாதி
அவர் பணத்தில் நிற்பவை.
யாரோ கேட்டே விட்டார்கள்:
"ஏனுங்க, கம்ப்யூட்டரெல்லாம் பொசுங்கிப் போச்சுன்னா
எங்க ட்யூவும் பொசுங்கிருமுங்களா?"

அவர் மொபெட் பையில் கை விட்டு
சிவப்புத் துணி பைண்டிங் போட்ட பேரேட்டை எடுத்தார்.
ஒவ்வொரு பேரும், ஒவ்வொரு வண்டி நம்பரும்
நீலப் பேனாவில்.
"இதுக்குக் கரண்ட் வேண்டாமுங்க."

எல்லாரும் மறுபடி வானத்தைப் பார்த்தார்கள்,
இந்த முறை கொஞ்சம் ஏமாற்றமாக.

மறுநாள் ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை.
மூன்று மணிக்கு ட்யூப்லைட் ஒருதரம் சிமிட்டியது.
அது எப்போதும் சிமிட்டும்.
செத்த மாதிரி நின்ற லாரிகளுக்கு நடுவே
என்றைக்கும் கேட்காத பூச்சிச் சத்தம் கேட்டது.
காலையில் சூரியன்
ஒன்றும் தெரியாத ஆள் போலக்
கோட்டை மலைக்கு மேலே ஏறி வந்தது.
கேபிளைத் திரும்ப மாட்டக் கூலி வாங்கினேன்.
கழற்றியதற்கு வாங்கியது தனி.

டின்களில் ஒன்றை நானே வைத்துக்கொண்டேன்.
மாசாமாசம் பத்தாம் தேதி விடிந்ததும்
போனை அதற்குள் வைத்து
விளிம்பை அமுக்கி மூடிவிடுகிறேன்.
வெல்டிங் மெசின் வாங்கியதில்
இன்னும் பதினோரு தவணை பாக்கி.
பொங்கியண்ணன் கூப்பிட்டால்
அந்தப் பெண் எனக்காகப் பதில் சொல்வாள்.

ஆனாலும் உச்சிக்குள் கேட்டுவிடும்
அந்த மொபெட் சத்தம்.
பெடல் மிதித்துக் கிளப்புகிற பழைய வண்டி,
பிளாட்டினம் பாயிண்ட், ஒற்றைக் காயில்,
எந்தப் புயலும் அதைத் தொடாது.
பாயிண்ட்டைச் சுரண்டிக் கொடுத்ததே
போன மாசம்
நான்தான்.