கையாளும் நேரம்

முல்லைத்தீவுக் கச்சேரிக்கு முன்னால் என் கடை.
காணி விடுவிப்பு, வீட்டுத்திட்டம்,
மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று மறுக்கும் கடிதம்,
எல்லாம் தட்டியிருக்கிறேன்
இந்த விசைப்பலகையில்.
'அ' தேய்ந்து போயிற்று.
பென்குயினைத் தொட அனுமதி கேட்டு
இன்றைக்குத்தான் முதல் படிவம்.

ஜெயவதனி, முள்ளியவளைப் பெட்டை.
தகப்பனின் அந்தியேட்டிக்கு வந்தவள்.
பூமி தெற்கே முடிகிற இடத்தில்
பறவை எண்ணுவது உத்தியோகம்.
மடிக்கணினிக்குள் மழைத்தண்ணி போய்விட்டதாம்,
இரவு பன்னிரண்டுக்குள் அனுப்பவேணுமாம்.
"நீங்கள் கேளுங்கோ அண்ணை, நான் சொல்லுறன்."

செல்லும் இடம்?
"சிறப்புப் பாதுகாப்பு வலயம்."
தட்டிவிட்டு
ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தேன்.
அந்தச் சொல்லுக்குள்
நாங்கள் இரண்டு பேருமே
ஒருக்கால் இருந்திருக்கிறோம்.

உள்ளே எத்தனை பேர்?
"நாலு. அதுக்கு மேல விடமாட்டினம்.
சப்பாத்தும் கழுவவேணும்,
அடியில ஒரு புல்விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது."

தலைக்கு மேலே ஏதும் பறக்குமா?
"என்னது?"
ட்ரோன் என்று போட்டிருக்கு. வண்டு.
சிரித்தாள்.
"வண்டு வேண்டாம் எண்டு போடுங்கோ.
சத்தத்துக்கு முட்டையை விட்டிட்டு எழும்பி ஓடுங்கள்,
அந்த இடைக்குள்ள கடற்பருந்து மாதிரி ஒண்டு
வந்து கொண்டுபோயிடும்."

எத்தனை பிடிப்பீர்கள்?
"நாப்பது."
கையாளும் நேரம்?
"ஒண்டுக்கு ஏழு நிமிசம்."
தலை மூடப்படுமா?
"ஓம். துணி உறை."
விரல் நின்றது.
அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"கண்ணுக்கு ஓட்டை இல்லை அண்ணை.
இது ஆரையும் காட்டிக்குடுக்கிறதுக்கில்லை.
வெளிச்சம் படாட்டில் பயப்பிடாது, அவ்வளவுதான்."

பிடித்த இடத்திலேயே விடுவிக்கப்படுமா?
"ஓம். அதே கூடு.
சோடி பாத்துக்கொண்டு நிக்கும்."

தற்செயலாக ஒன்று இறந்தால்?
"வேலையை நிப்பாட்டவேணும்.
அண்டைக்கே அறிக்கை எழுதவேணும்.
ஏன் செத்தது, ஆற்ற கையில செத்தது, எல்லாம்."
ஒண்டுக்கோ?
"ஒண்டுக்கு."

மின்விசிறி
கட்டுக்கட்டாய்க் கிடந்த கடதாசிகளை
ஒருக்கால் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தது.
பதினேழாம் பக்கத்தில் இன்னொரு கேள்வி:
இதே வேலையை
வேறு உயிரினத்தில் செய்ய முடியாதா, காரணம் கூறுக.
அதற்கு மட்டும் அவள்
தானே இருந்து தட்டினாள்.
நீளமாய். நான் வாசிக்கவில்லை.

படம் இணைக்க வேணும்.
கலர் அறுபது ரூபா, கறுப்பு வெள்ளை பத்து.
பறவையே கறுப்பு வெள்ளைதானே பிள்ளை?
"சொண்டு செம்மஞ்சள் அண்ணை. கலரிலயே போடுங்கோ."

றோட்டுக்கு அங்கால் தறப்பாள் பந்தலில் இருந்து
இராசமலரக்கா வந்தா,
கைப்பையுக்குள் மகனின் படம்,
வழமைபோல் பெரிசாக்க.
பிரிண்டரில் ஈரம் காயாமல் நின்ற பென்குயினை
ஒரு நிமிசம் பார்த்தா.

"இதுகளுக்கு நம்பர் போடுறவையோ?"
"ஓம் அம்மா. தோலுக்குக் கீழ, அரிசி மாதிரி ஒண்டு."
"பிறகு கண்டுபிடிக்கலாமோ?"
"கரைக்கு வந்தால் மெசினில காட்டும்.
பதினஞ்சு வருசத்துக்குப் பிறகும்
ஒண்டு வந்தது."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை.
ஜெயவதனி கையெழுத்துப் போட்ட இடத்திலேயே
இன்னொருக்கால் போட்டாள்.
பேனை எழுதவில்லை என்றாள்.
எழுதித்தான் இருந்தது.

எத்தனை கொப்பி அக்கா?
"ரெண்டு."
கறுப்பு வெள்ளைதானே?
வழமையாய் அதுதான், காசு மிச்சம்.

படத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தபிறகு
சொன்னா:
"இண்டைக்குக் கலரில போடு தம்பி.
அவன்ர சேட்டு நீலம்."