மூலையில் ஒரு துளை

ஓட்டுமடத்து மரக்காலைக்கு
வெட்டுப்பலகை வாங்கப் போனேன்.
ஒன்றா இரண்டா என்று
வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

பிளாஸ்ரிக்கில் ஒன்று இருந்தது, கலியாணப் பரிசு, வெள்ளை.
இரண்டே மாதத்தில்
மஞ்சளும் கத்திக்கீறலுமாய்
யாரோ கோபத்தில் கிறுக்கிய கொப்பி போலானது.
கீறின துகள் கறிக்குள்ளை போகுதாம் என்று
நிமலரூபன் எங்கோ வாசித்துவிட்டு வந்தான்.
மரமெண்டால் நல்லது, என்றான்.
பிறகு, சட்டியைக் கழுவிக்கொண்டே,
மரம் மணத்தைக் குடிக்கும், என்ன? என்றான்.

அந்த ‘என்ன?’வைத்தான்
சைக்கிள் கூடையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

அவன் கொக்குவில். மச்சம் தொட்டதில்லை.
நான் குருநகர்.
பாரை வெட்டும் சத்தத்துக்கு எழும்பி வளர்ந்தவள்.
எனக்குத் தெரிந்த முதல் பலகை
சந்தையில் கிடந்த ஒரு புளியங்குற்றி.
நடுவில் குழிந்து, ஓரம் உயர்ந்து,
மழை பெய்த அன்று காகம் அதில் தண்ணீர் குடிக்கும்.

தவபாலன் ஒவ்வொன்றாய் இழுத்துப் போட்டார்.
தேக்கு: வடிவுதான், ஆனால் கத்தியின்ரை வாயை மழுக்கிப்போடும்.
முதிரை: தூக்கிப் பாருங்கோ.
தூக்கினேன். இறக்கி வைத்தேன்.
வேம்பு: பூச்சி அண்டாது,
முதல் மாதம் தக்காளியும் கொஞ்சம் கைக்கும், பரவாயில்லையோ?
பலாவைத் தொடவே விடவில்லை.
அது மிருதங்கத்துக்குப் போற மரம்,
வெங்காயத்துக்கு ஏன் தங்கச்சி?

புளி இருக்கோ, என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார்.
இறைச்சிக்கடைக்கோ?
இல்லை, வீட்டுக்கு.
எந்த இடம் என்று கேட்பார் என நினைத்தேன்.
எத்தனை அங்குலம் என்று கேட்டார்.

கொட்டிலின் பின்னால் இருந்து வந்தது,
நடுவில் கறுத்த வைரம், ஓரம் வெளுப்பு.
நகத்தால் கீறினேன், பதியவில்லை.
தரையில் போட்டு நாலு மூலையையும் அழுத்தினேன்,
ஆடவில்லை.
முகர்ந்தும் பார்த்தேன்.
பழத்தின் புளிப்பு வருமென்று ஒரு ஆசை.
வெறும் மரம்.

ஒண்டோ, இரண்டோ?
அவரும் அதையே கேட்டார்.

இதையே நடுவாலை அறுத்துத் தாங்கோ, என்றேன்.

வாள் மெசின் ஓய்ந்த பிறகு
இரண்டையும் கிட்ட வைத்துப் பார்த்தேன்.
ரேகைகள் ஒன்றையொன்று தேடிப் பொருந்தின,
வாள் தின்ற அளவு மட்டும் விட்டு.
ஒன்றின் மூலையில் துளை போடச் சொன்னேன்.
கொழுவுறதுக்கோ?
ஓம், என்றேன்.

மூன்று நாள் தேங்காயெண்ணெய் பூசி ஊறவிட்டேன்.
துளை உள்ளது எனக்கு. மீனுக்கு.
துளை இல்லாதது உங்களுக்கு.
அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்,
தலையாட்டினான்.
கலியாண வீட்டில் இரண்டு பகுதிச் சனம் போல
அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
ஒரு மாதம்.

முந்தநாள் இரவு கரண்ட் போனது.
நான் முன்னறையில் மெழுகுதிரி வைத்து
எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.
குசினியில் வெட்டும் சத்தம்,
ஒவ்வொரு வெட்டுக்கும் யோசித்து யோசித்து
அவன் வெட்டுகிற மாதிரி.

காலையில் பார்த்தால்
துளைப் பலகை முழுக்கப் பீற்றூட்டின் சிவப்பு.
உப்பும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தேன்,
பாதிதான் போனது.

இருட்டுக்குள்ளை தெரியேல்லை, என்றான்,
வாயில் பற்பசை நுரையோடு.

பலகையை எடுக்கும்போது
பெருவிரல் போய் நிற்கும் இடத்தில்தான்
அந்தத் துளை இருக்கிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
கிணற்றடி மதிலில், வெயில் படும் பக்கமாய்,
கறை வெளியே தெரிய
அதைச் சாத்தி வைத்தேன்.