காற்று இருக்கும் இடத்தில் வாசல் இல்லை

கழுத்துக்கு முதலில் பவுடர்.
அப்புறம் மணிக்கட்டுகளுக்கு.
ரப்பர் விளிம்பை இரண்டு கையாலும் விரித்து
கண்ணை மூடித் தலையை நுழைக்க வேண்டும்.
இருட்டு. டயர்க் கடை வாசனை.
"பிறந்தாச்சா, போர்கில்ட்?" என்கிறான் ஐலிவ், வெளியிலிருந்து.
பயிற்சியாளனுக்கு இருபத்து நான்கு வயது.
எனக்கு ஐம்பத்து மூன்று.
பிறக்க நேரமாகிறது.

பிப்ரவரி. ஹ்யோலவிக் படகுத்துறையின் பின்பக்கம்.
காற்றில் பனித்தூள், தண்ணீர் நான்கு டிகிரி,
உலர் உடைக்குள் கம்பளி, அதற்குள் இன்னொரு கம்பளி,
அதற்குள் எங்கோ ஒரு மூலையில் நான்.
முதுகில் ஜிப்பை இழுத்துச் சாத்துகிறான்
நிரம்பிய பெட்டியை முழங்கால் ஊன்றி மூடுகிற மாதிரி.

குந்து. கழுத்து விளிம்பை ஒரு விரலால் விலக்கு.
உள்ளிருந்த காற்று புஸ்ஸென்று போகிறது.
ஏப்பம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் இதற்கு.
மிச்சமிருப்பது தோலும், துணியும்,
காலையில் குடித்த காபியும்.
காபி குடித்திருக்கக் கூடாது.
யாரும் அதை முன்கூட்டிச் சொல்வதில்லை.

பத்தொன்பது வருடம் இந்த ஃபியோர்டை
நாளுக்குப் பதினான்கு முறை கடந்திருக்கிறேன்,
டிக்கெட் கிழித்து, சில்லறை எண்ணி,
ஆடு ஏற்றிய வண்டிக்கு என்ன கட்டணம் என்று மல்லுக்கட்டி.
சுரங்கப்பாதை வந்தது. படகைப் போலந்துக்கு விற்றார்கள்.
ஐலிவ் அன்று பள்ளிப் பையன்.
கார்களுக்கு நடுவே குனிந்து குனிந்து
டிக்கெட் இல்லாமல் போவான்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.
இப்போது மணிக்கணக்குப் போட்டு என்னிடம் வாங்குகிறான்.

தண்ணீர் நனைக்கவில்லை, பிடிக்கிறது.
முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், இடுப்பு.
ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் கட்டும் பட்டையை
உடம்பு முழுக்கச் சுற்றிய மாதிரி.
மூன்று மீட்டர். ஐந்து.
மடிப்புகள் தோலைக் கிள்ளுகின்றன.
மார்புப் பொத்தானை அழுத்து: ஒரு கைப்பிடி காற்று.
இடது தோளை உயர்த்து: வால்வு வழியே கொஞ்சம் போகும்.
வரவும் செலவும் சரியாக இருந்தால்
நடுவில் தொங்கலாம்.
கணக்கு எனக்கு வரும்.

ஒன்பது மீட்டரில் மறந்துவிட்டேன்.
ஒரு நட்சத்திர மீன். கைகள் பத்தா, பதினொன்றா,
எண்ணக் குனிந்தேன்.
காற்று என்னைக் கேட்கவில்லை.
வயிற்றிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து பாதத்துக்கு
படகு கரை தட்டியதும் முண்டும் கூட்டம் போல ஓடியது.
பாதம் இரண்டும் பலூன்.
தலைகீழாக மேலே போகிறேன்.
தோளின் வால்வு இப்போது கீழே.
காற்று இருக்கும் இடத்தில் வாசல் இல்லை.

கத்த முடியாது, வாய் நிறைய ரப்பர்.
நீச்சல் குளத்தில் பழகியதுதான்:
முழங்காலை மார்புக்கு இழு, உருள்.
அங்கே எல்லோரும் சிரித்தார்கள்.
இழுத்தேன். வரவில்லை.
உதைத்தேன், இழுத்தேன், மாடு மாதிரி ஒருபக்கம் புரண்டேன்,
தோள் மேலே வந்தது,
வால்வு இரைந்தது,
கால் மறுபடி காலானது.

ஐலிவின் கை என் கணுக்காலில் இருந்தது.
எப்போதிலிருந்து என்று தெரியாது.
விரலால் வட்டம் காட்டினான்: சரியா?
உள்ளங்கையை ஆட்டினேன்: அவ்வளவாக இல்லை.
காத்திருந்தான்.
அவன் குமிழிகளை எண்ணினேன், ஏழு மூச்சு.
பிறகு வட்டம் காட்டினேன்.

திரும்பும் வழியில், துறைத் தூண்களின் அடியில், சேற்றில்,
கோப்பைகள்.
வெள்ளைப் பீங்கான், நீலக் கோடு, எங்கள் கம்பெனி முத்திரை.
கழுவச் சோம்பல்பட்ட இரவுகளில்
கடலில் எறிந்தவை.
ஒன்றுகூட எறிந்ததில்லை என்று
மேலதிகாரியிடம் சத்தியம் செய்தவள் நான்.
முப்பது, நாற்பது இருக்கும்.
ஒன்றில் ஒரு நண்டு, வாடகை பாக்கி வைத்தவன் போல
உள்ளே நகர்ந்துகொண்டது.
ஐலிவ் டார்ச்சை ஒவ்வொன்றாக நகர்த்தினான்,
அவசரப்படாமல்,
பிறகு என் பக்கம் திரும்பினான்.
முகமூடிக்குள் கண்கள் சுருங்கின.

கரையில், இடது மணிக்கட்டில் மட்டும் ஈரம்,
நரம்பு எழும்பும் இடத்தில்,
சில்லறை எண்ணிய கை.
நக்கிப் பார்த்தேன். உப்பு.
அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
முதலில் ஜிப்பைத் திற, ஐலிவ்.
சீக்கிரம்.
அந்தக் காபி.