கசிவு, இரண்டாம் பக்கம்

கெப்போங்கில் ஒரு கொண்டோ, பதினேழாவது மாடி.
வெளிச்சுவரில் தொங்கிய காம்ப்ரசருக்கு
பேரிங் போயிருந்தது.
வீட்டுக்காரர் மாற்றச் சொன்னார், மாற்றினேன்.
கழற்றுவதற்கு முன் ஆறு நிமிடம்
கைப்பேசியை அதன் விலாவில் ஒட்டவைத்துப்
பதிவு செய்துகொண்டேன்.
எதற்கு என்று கேட்டார்.
வாரண்டிக்கு என்றேன்.

அந்தப் பொய்தான் இப்போது
பன்னிரண்டு அங்குலக் கறுப்புத் தட்டு.
பெயர் ‘கசிவு’. இருநூறு பிரதி.
எங்கோ குளிர்நாட்டில் அச்சாகிக்
கிள்ளான் துறைமுகத்தில் பதினோரு நாள் கிடந்தது.
சுங்க அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
யார் பாடியது என்றார்.
யாரும் பாடவில்லை.
அப்படியென்றால் எப்படிப் பாட்டு?
அதற்கு என்னிடம் ரசீது இல்லை.

புடு. இரும்புக்கடைக்கு மேல் இரண்டாம் தளம்.
பெயர்ப்பலகை கிடையாது.
படிக்கட்டில் ஒரு சிவப்பு பல்பு, பிறகு ஃபைருஸின் டார்ச்,
கைப்பேசிக் கேமராக்களின் கண்ணை மூட
அவன் ஒட்டும் மஞ்சள் ஸ்டிக்கர்.
இரண்டரைக்கு யீ ஷுவான் தட்டைத் திருப்பினாள்.

நிமிடத்துக்கு நூற்று இருபத்தாறு.
அடி தரையிலிருந்து வருகிறது.
முதலில் முழங்காலுக்குக் கேட்கும், அப்புறம்தான் காதுக்கு.
ஒவ்வோர் அடியின் வாலிலும்
பேரிங் தேய்ந்த அந்தச் சின்ன உரசல்.
ஐந்தாம் படிவத்தில் தமிழ் எடுத்தவன் நான்,
அதன் பெயர் எனக்குத் தெரியும்:
குற்றியலுகரம்.
முழுதாய்ச் சொல்லாமல் விழுங்கிய உகரம்.
அரை மாத்திரை.
அந்த அரை மாத்திரையில்தான் இடுப்புகள் அசைந்தன.

நூற்று நாற்பது பேர்.
வங்கி அடையாள அட்டையைக் கழுத்திலேயே மறந்துவந்த ஒருவன்.
இரவுப் பணி முடிந்து
தாதியின் வெள்ளைக் காலணியோடு வந்த ஒருத்தி,
கண்ணை மூடிக்கொண்டு
பதினேழாவது மாடிக்கு ஆடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆட வரவில்லை.
எனக்கு வேறொன்று கேட்டது.

தாளத்துக்கு வெளியே, சற்றுப் பின்தங்கி
இன்னொரு முனகல்.
நூற்று இருபத்து நாலு இருக்கும்.
இரண்டும் நெருங்கும், உரசும், விலகும்.
ஆடுகிறவர்கள் அதையும் என் கைவேலை என்றெண்ணி
ஹோவென்று கத்தினார்கள்.
யீ ஷுவான்கூட, இதை எப்போது சேர்த்தாய் என்று
உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.
சேர்க்கவில்லை.
அது இந்த அறையின் சொந்த ஏர்கோன்.
சாகப்போகிறது.

பின்சந்து. இரும்பு ஏணி.
மூடியைத் திறந்தால் கப்பாசிட்டர்
பூரி மாதிரி உப்பியிருந்தது.
வேனில் புதிது ஒன்று இருந்தது, எப்போதும் இருக்கும்.
கீழே சாக்கடை நாற்றம், ஒரு பூனை,
பிளாஸ்டிக் ஸ்டூலில் கொய்த்தியாவ் தின்றுகொண்டிருந்த லோரிக்காரர்.
ரோசாக்கா என்றார் அண்ணாந்து.
ஆமாம், ரோசாக்.

மாற்றினால் முனகல் நிற்கும்.
நின்றால், உள்ளே
தட்டில் இருப்பது மட்டும் மிஞ்சும்:
செத்துப்போன ஒன்றின் ஒழுங்கான குரல்.
மாற்றாவிட்டால்
நூற்று நாற்பது பேரும் வெந்துபோவார்கள்.

தட்டு முடிய இன்னும் நாலு நிமிடம்.
சுவிட்சில் கை வைத்தபடி காத்திருந்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
விலகி விலகி வந்து
ஒருமுறை, ஒரே ஒருமுறை, சரியாய்ப் பொருந்தின.
ஏணி அதிர்ந்தது.
ஸ்டூலுக்குக் கீழே
லோரிக்காரரின் ஜப்பான் சிலிப்பர் தட்டிக்கொண்டிருந்தது,
அவருக்குத் தெரியாது.

பிறகு மாற்றினேன்.
முப்பத்தெட்டு ரிங்கிட். பில் போடவில்லை.
பழையதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
படியேறினேன்.
தொடையில்
இன்னும் சூடாக இருந்தது.