பெயர்ச்சொல்

தாலந்து ஞாயிறன்று கோயிலில்
ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.
"தேவன் உங்களுக்குத் தந்ததை எழுதுங்கள்."
முன் பெஞ்சில் பியூலா, கீபோர்டு என்று எழுதினாள்.
செல்லையா கேக் சுடுவேன் என்றார். உண்மைதான்,
ஈஸ்டருக்குத் தின்ற நாங்களெல்லாம் சாட்சி.
நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு
வெறுந்தாளை மடித்து
பத்து ரூபாயோடு காணிக்கைப் பையில் போட்டேன்.

எனக்குப் பாட வராது.
ஜெபிக்க எழுந்தால்
மூன்றாம் வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.
வருவது ஒன்றுதான், அதை வரம் என்று யாரும் சொன்னதில்லை:
ஒருதரம் கேட்ட பெயர் மறக்காது.
தொண்ணூறு அடி ரோட்டில்
குழாயடிச் சண்டையில் என் குடத்தை நசுக்கியவள் வனஜா,
அவளை விலக்கிவிட்ட டெம்போக்காரன் ராம்சேவக் பாஸ்வான்,
அவன் ஊரில் விட்டுவந்த எருமைக்குப் பெயர் ரேஷ்மா.

சயான் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, இரவு வேலை.
பெட்பேன், பினாயில், ஈரத்துணி.
பதினாறு வருடமாக அங்கே நான் மாவ்ஷி.
சம்பளச் சீட்டில் மட்டும் தொற்காள்.

ஆகஸ்ட் மழையில் ஒருவனைக் கொண்டுவந்தார்கள்.
குர்லாவில் தண்டவாளத்தோரம் கிடந்தானாம்.
தலையில் அடி. சட்டைப்பையில்
நனைந்த பீடிக்கட்டு தவிர ஒன்றுமில்லை.
கேஸ் தாளில் எழுதினார்கள்:
அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் நாற்பது.
படுக்கை இருபத்தேழு.

இருபத்தேழுக்கு டியூப் மாத்து.
இருபத்தேழு நனைச்சிட்டான்.
நானும் அப்படித்தான் சொன்னேன், ஐந்து நாள்.
ஆறாம் இரவு
அவன் விலாவைத் துடைத்த கை நின்றது.
எண்ணைச் சொன்னால் எந்த மனுஷன் திரும்புவான்?
என் ஆண்டவர் என்னை எண் சொல்லியா கூப்பிட்டார்?
(இதையெல்லாம் யோசித்ததாக இப்போது சொல்கிறேன்.
அப்போது இடுப்புவலிதான் ஞாபகம்.)

பெயர்களை அவிழ்த்தேன்.
முத்துக்குட்டி, சுடலை, அந்தோணி.
அசையவில்லை.
தத்தாராம், பாண்டுரங், விலாஸ்.
துணியைப் பிழிந்துகொண்டே பீகார்ப் பக்கம் போனேன்,
அங்கிருந்து ஒரிசா, மறுநாள் மால்வணி மசூதித் தெரு.
"என்ன மாவ்ஷி, மந்திரமா?" என்றாள் வைஷாலி சிஸ்டர்.
"ஆள் தேடுறேன்."

ஒன்பதாம் இரவு ஆண்பெயர்கள் தீர்ந்துபோயின.
சும்மா பெண்பெயர்களுக்குள் நுழைந்தேன்.
ரேகா. குஸும். சபீனா.
ஜமீலா.

மூடிய இமைக்குள் விழி உருண்டது.
மறுபடி சொன்னேன், காதோரம்.
இடது கண்ணில் ஒரு சொட்டு திரண்டு
காதுக்குள் இறங்கப் பார்த்தது. புறங்கையால் தடுத்தேன்.

பெண்டாட்டியா, மகளா, பெற்றவளா,
எனக்குத் தெரியாது. அவன் இன்னும் பேசவில்லை.
கட்டிலுக்கடியில் தரை துடைக்க முழங்காலிட்டிருந்தேன்.
முழங்காலில் இருந்ததால் ஜெபமும் பண்ணினேன்:
ஏசப்பா, ஜமீலாவைப் பார்த்துக்கும்.
எங்கேயோ இவனுக்குச் சோறு மூடி வைத்திருப்பாள்.
எறும்பு ஏறாமல் பார்த்துக்கும்.
கதவைத் தட்டி யாராவது சேதி சொல்லட்டும்.
ஆமென் சொன்ன பிறகுதான் கவனித்தேன்,
மூன்றாம் வாக்கியம் எப்போதோ தாண்டியிருந்தது.

விடிந்ததும் வைஷாலியை நச்சரித்தேன்,
தாளை மாற்றச் சொல்லி.
"போலீஸ் கேஸ், முடியாது" என்றாள்.
போனவள் திரும்பி வந்து பென்சில் எடுத்தாள்.
தெரியாத ஆணுக்குப் பக்கத்தில்
பொடி எழுத்தில்: ஜமீலாவின் ஆள்.

இப்போது யாரும் இருபத்தேழு என்பதில்லை.
ஜமீலாவாலாவுக்குக் கஞ்சி, ஜமீலாவாலாவுக்கு எக்ஸ்ரே.
நேற்று கழுத்தைத் திருப்பினான், வாசல் பக்கம்.

போதகர் அந்த வெறுந்தாளைப் பற்றிக் கேட்டாராம்.
நான் நைட் ஷிப்ட் முடிந்து
தூங்கிக்கொண்டிருந்தேன்.

இருபத்தெட்டில் புதிதாக ஒருவர். வாயில் குழாய்.
கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போகிறேன்.
"என் பேரு தொற்காள். உங்க பேரு?"