வேளிமலை, இரண்டாம் தரம்

கோட்டாற்றுக் கம்போளத்தில்
மைதீன்கண்ணு அன் சன்ஸ்.
சன்ஸ் கிடையாது. மூன்றும் பெண்மக்கள்.
போர்டு எழுதினவன் கை வழக்கத்தில் எழுதிவிட்டான்.
முதலாளி அண்ணாந்து பார்த்து
'இருந்துட்டுப் போட்டும்' என்றார்.

ஆரல்வாய்மொழிச் சவுக்கையில்
காற்றும் சுங்கக்காரனும் சேர்ந்து மோந்து பார்த்து விட்ட
புகையிலைச் சிப்பங்கள்தான் முதலில்.
பிறகு கீரிப்பாறை எஸ்டேட் துரை ஒருத்தன்
கடித்துக் கடித்துப் பல் பதிந்த பைப் ஒன்றை
மேசையில் வைத்து
இதுபோல வேண்டும் என்றான்.
இல்லை என்கிற வார்த்தை
முதலாளிக்கு எந்தப் பாஷையிலும் வராது.

ஐம்பத்திமூன்றில் நான் சேர்ந்தேன்.
லாசரு, வயது பதினாலு, சம்பளம் சாப்பாடு போக ஆறு ரூபாய்.
கொச்சியில் இறங்கி லாரியில் வரும் பெட்டியை
இருட்டின பிறகுதான் உடைப்போம்.
வைக்கோலுக்குள் பைப்புகள்,
எங்கோ ஒரு கம்பெனி கழித்துப் போட்டவை.
சிலதில் அம்மைத் தழும்பு மாதிரி ஒரு குழி,
சிலதில் மயிரிழை வெடிப்பு.
அரக்கில் மரத்தூள் குழைத்துக் குழியை அடைப்பேன்.
உப்புத்தாளால் பழைய பெயரைத் தேய்ப்பேன்.
பித்தளை அச்சைச் சிம்னி விளக்கில் காய்ச்சி
ஒரே அழுத்து:
வேளிமலை
கோட்டாறு
திருவிதாங்கூர்.
மூன்று வரியும் இங்கிலீஷில்.

வேளிமலையில் முருகன் வள்ளியைக் கட்டினான் என்பார்கள்.
அங்கே பைப்புக் கட்டை விளைகிறதென்று
முதலாளியைத் தவிர யாரும் சொன்னதில்லை.
அவர் சொன்னால்
மரத்தையே பார்த்தது போலிருக்கும் எனக்கும்.

ஐம்பத்தியாறு நவம்பரில்
கடை இருந்த இடத்தில் இருக்க, ராஜ்யம் மாறிற்று.
தெருவில் வெடி போட்டார்கள்.
அச்சில் மூன்றாவது வரி தப்பாகிவிட்டது.
அரத்தைக் கையில் தந்து 'ராவுலே' என்றார்.
ராவினேன். கடைசி எழுத்தின் கால் மட்டும்
போகமாட்டேன் என்றது.
அதற்குப் பிறகு ஒவ்வொரு பைப்பின் அடியிலும்
எறும்பின் கால் போல ஒரு கோடு.

மறு வருஷம் பெட்டி நின்றது.
விற்றது அறுநூற்றுச் சொச்சம், பேரேட்டில் இருக்கிறது.
வாங்கின விலை
வேறொரு பேரேட்டில்.

தொண்ணூற்றெட்டில் திருவனந்தபுரத்திலிருந்து குருவிளா என்று ஒருத்தர்,
ரிட்டயர்டு பேங்க்காரர், வியர்வை துடைத்தபடி படியேறினார்.
முதலாளி மய்யத்தாகி இருபது வருஷம்.
கடையில் அப்போது மூத்த மகள் ஹாஜிரா,
தீப்பெட்டி, லைட்டர், குடைக்கம்பி வியாபாரம்.
பட்டுத் துணிக்குள்ளிருந்து ஒரு பைப்பை எடுத்தார்.
எண்ணாயிரம் கொடுத்ததாம்.
'ஒரிஜினலாணோ?'

வாங்கிப் பார்த்தேன்.
வேளிமலை, கோட்டாறு, சரி.
எறும்புக் காலும் உண்டு, அளவெடுத்தது போல.
வாசல் வெளிச்சத்தில் திருப்பினேன்.
நகத்தால் தடவினேன்.
ஒரு குழி இல்லை. வெடிப்பில்லை.
அழித்த பெயரின் நிழல் எங்கும் இல்லை.
கழுவின கண்ணாடி கணக்காகத் தண்டு வரைக்கும் சுத்தம்.

'ஒரு குறையும் இல்லையே, சாரே' என்றேன்.
அவருக்கு முகம் மலர்ந்தது.
'அதனாலே எங்களுது இல்லை.'

ஹாஜிரா குனிந்து எதையோ எண்ணத் தொடங்கினாள்.
எதிர்க்கடையில் வாழைத்தார் இறக்கும் சத்தம்.
அவர் பைப்பைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.
பிறகு, வந்ததற்கு என்னவாவது வேண்டுமே என்று
ஒரு டஜன் தீப்பெட்டி கேட்டார்.
பதினொன்றுதான் இருந்தது.