பத்தாவது ஆள்

"பத்துக்குக் கீழே நிக்கிற மாதிரிப் பாத்துக்கங்க" என்றார்
ராமநாதபுரத்து ஆடிட்டர்.
ஒன்பது வரை ஒரு கணக்காம்,
பத்தைத் தொட்டால் வேறு கணக்காம்.
இருபத்தொன்பது சட்டத்தை நாலாக மடித்துவிட்டார்கள் என்றார்,
சலவை வேட்டியைச் சொல்வதுபோல.

தொண்டி பஸ்ஸில் உப்பூர் தாண்டும்வரை
விரல் மடக்கினேன்.
நண்டு அவிக்க இரண்டு பேர்.
சதை எடுக்கப் பெண்கள் ஏழு.
ஐஸ் உடைத்து வண்டி ஏற்ற ஜகுபர்.
பத்தாவது யார்?
கடைசியாக வந்தவளா,
கடைசியில் உட்கார்கிறவளா?

மனசு நம்புத்தாயிடம் போய் நின்றது.
மெதுவான கை.
கால் கணுவில் ஒட்டிய நூல் சதையையும் விடமாட்டாள்.
மற்றவள் மூன்று கிலோ முடிக்கையில் இவளுக்கு இரண்டு.
ஆனால் இவள் டப்பாவில்
ஒரு ஓட்டுத் துணுக்குகூடக் கண்டதில்லை
தூத்துக்குடிக் கம்பெனி.

மொத்தத்தில் பாதி அடிப்படைச் சம்பளமாக இருக்கணுமாம்.
கிலோவுக்கு இவ்வளவு என்று
சாயங்காலம் எண்ணிக் கொடுக்கிறவன்
எதைப் பாதியாக வெட்ட?
தடைக்காலத்தில் வள்ளத்து நண்டு மட்டும்தான்,
அரை அண்டா, சில நாள் அதுவும் இல்லை.
அந்த நாட்களுக்கு
படிவத்தில் கட்டம் இல்லை.

ஆளுக்கொரு நியமனக் கடிதம்.
டைப் அடித்து வாங்கிவந்தேன்.
சேர்ந்த தேதி மட்டும் வெற்றிடம்.

"கஜா அடிச்சதுக்கு மறுவாரம்" என்றாள் நம்புத்தாய்.
"மகளுக்கு மொட்டை எடுத்த மாசம்" என்றாள் காளிமுத்தாள்.
பாத்துமுத்துக்கு நோன்புக்கு முந்தி,
எந்த நோன்பு என்பதுதான் தகராறு.
கஜாவின் வருஷம் எனக்கு நன்றாகத் தெரியும்,
ஷெட்டுக் கூரை அன்றைக்குத்தான் பறந்தது.
தெரிந்தும்
பேனா அதற்குப் பல வருஷம் இப்பால் வந்து நின்றது.
நின்றதை இங்கே எழுதிவைக்கிறேன்.
வேறு யாரிடம் சொல்ல.

உள்ளபடியே போட்டுக் கொடுத்தேன்.
ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு
எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள்.
காகிதத்தின் ஓரம் நண்டுத் தண்ணியில் ஊறியது.
"ஒங்களுக்கு இது மாதிரி
யாரு குடுத்தா மொதலாளி?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பதினாலு வருஷமாக
தூத்துக்குடிக்குச் சரக்கு அனுப்புகிறேன்.
விலை விடிகாலையில் போனில் வரும்.
நேற்று வந்த குரல் பதிவு பதினொரு விநாடி:
கிலோவுக்கு நாற்பது குறையும், அண்ணே.
அதில் கையெழுத்தில்லை, தேதியில்லை,
போட்டுக் கேட்டால்
பின்னால் யாரோ சிரிப்பது மட்டும் கேட்கிறது.

பதில் சொல்லாமல் அண்டாவைக் கிளறப் போனேன்.
அந்த நேரம் பார்த்து ஆடிட்டர் கூப்பிட்டார்.
"எத்தன பேருன்னு போடட்டும்?"
கொதிக்கிற சத்தத்தில் கேட்கவில்லை என்று
இரண்டு தரம் சொல்லவைத்தேன்.
ஏழு பேரும் குனிந்தபடி
ஓடு உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு கை மட்டும் மெதுவாக.

"பத்து" என்றேன்.